அங்கிட்டு திரும்புங்க, நானா

தம்பிமாரே, நம் போன் கடை மேசை இழுப்பறையில், அந்த லாச்சிக்குள், கிடக்கிற பழைய பொத்தான் போனை நீங்கள் தூக்கி எறியப் போவதாகக் கேள்விப்பட்டேன். எறிய வேண்டாம். சார்ஜ் இறங்கவும் விட வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லலாம்தான். ஆனால் கடைக்குள் கால் வைத்தால் நான் சும்மா நிற்க மாட்டேன், உங்கள் மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுவேன், உங்களுக்கும் எரிச்சல் வரும்.

வேலையை விட்ட பிறகும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எங்காவது ஒரு போன் "டிங்" என்றால் கதிரையை விட்டு எழும்பிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு மின்சாரக் கட்டணச் செய்தி வந்திருக்கும், நான் என் வீட்டு வாசல்வரை போயிருப்பேன். "ஒங்களுக்கு என்ன பேயா புடிச்சீக்கிது?" என்று மனைவி ஏசுகிறாள். பேய் இல்லை, ஒரு வெள்ளிக்கிழமை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

டிஸ்ப்ளே மாற்றுவது, போர்டு சூடாக்குவது பற்றியெல்லாம் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது திடீரென்று ஒரு முடிவு எடுக்க வேண்டி வருமே, அதைப் பற்றித்தான் பேச்சு.

உங்களிடம் வருகிறவர்கள்தான் என்னிடமும் வந்தார்கள். தொழில்நுட்பம் என்றால் எல்லாரிடமும் ஓர் அபிப்பிராயம் இருக்கும், அதைச் சொல்லாமல் போகவும் மாட்டார்கள். மெத்தை வாங்கலாமா என்று கணவரிடம் கேட்ட அன்றே போனில் மெத்தை விளம்பரம் வந்தது, இது ஒட்டுக்கேட்கிற சனியன் என்று ஓர் ஆசிரியை கொதித்தார். கொதித்து முடித்த கையோடு தன் கடவுச்சொல்லைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி எனக்குச் சொன்னார். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று கேமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார். அவருடைய போனைத் திறக்கும் இலக்கம் அவர் பிறந்த வருடம். மற்றவர்கள் எல்லாரும் அண்ணன் முறை வைத்து நானா என்று அழைத்து ஒரே பேச்சுத்தான் பேசுவார்கள்: "நம்மகிட்ட களவெடுக்க என்னா இருக்கு நானா? நீங்களே போட்டுக் குடுங்க."

நாங்களும் போட்டுக் கொடுத்தோம். புதுப் போன் வாங்கினால் ஒரு மின்னஞ்சல் கணக்கு வேண்டும், அது இல்லாமல் ஒன்றும் ஓடாது. பெயரை அடிப்போம், பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்துக் கடவுச்சொல் வைப்போம். மறந்துபோனால் திறப்பதற்கான இரகசிய எண்ணை, அந்தக் கோட்டை, அனுப்புவதற்கு ஒரு போன் இலக்கம் கேட்கும். அங்கேதான் விஷயம். ஹந்தானையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் வருகிறவர்களின் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குச் சிக்னல் ஒழுங்காக ஏறாது. சிலருக்கு சிம் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும், கிழமைக்கொரு சிம் மாற்றுகிறவர்களும் உண்டு. ஆகவே கடை இலக்கத்தையே கொடுத்துவிடுவோம். கோட் எல்லாம் அந்தப் பொத்தான் போனுக்கு வரும். அவர்கள் குட்ஷெட்டில் பஸ் இறங்கி நடந்து வந்து, "நானா, மெயில் தொறக்க மாட்டேங்குது" என்பார்கள். நாங்கள் லாச்சியைத் திறந்து கோட்டை வாசிப்போம். கண்டியில் எங்கள் வரிசையில் இருந்த கடைகள் எல்லாம் இப்படித்தான் செய்தன. அதை நாங்கள் சேவை என்று நினைத்தோம், சனங்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எங்கள் முதலாளியை ஹாஜியார் என்போம். அவருக்கு இதில் பெருமை. "ஊர்ப்பட்ட ஆக்கள்ட சாவி எங்கட லாச்சிக்குள்ள ஈக்குது. எங்க போனாலும் திரும்ப இங்கதான் வரோணும்" என்பார். நல்ல மனுஷன். யாருடைய கணக்குக்குள்ளும் எட்டிப் பார்க்க மாட்டார், எங்களையும் விடமாட்டார். ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் புஷ்பராணி வந்தாள். ஹந்தானைத் தோட்டம். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு எல்லாம் சரியாகிவிட்டது, போவதற்கு முன் போனுக்கு ஒரு கணக்கு வேண்டும் என்றாள். வழக்கம்போலப் பெயரை அடித்தேன், கடை இலக்கத்தை அடித்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றவள் கேட்டாள்:

"ஒங்க நம்பர் எதுக்கு நானா அதுல?"

"ஒங்கட லயத்துக்கு சிக்னல் ஏறாது தானே. ஏதும் கோட் வந்தா இங்க வரட்டும்."

"பொறகு மாத்தலாமா?"

"மாத்தலாம், மாத்தலாம்."

"சரி. பாஸ்வேட்ட நானே போடுறேன். நீங்க அங்கிட்டு திரும்புங்க."

அதுவரைக்கும் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. திரும்பி, வாத்துப் படம் போட்ட கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"நானா, அந்தக் கண்ணாடி அலுமாரியில ஒங்க மொகம் தெரியுது. அப்ப ஒங்களுக்கும் போன் தெரியும்ல? கண்ண மூடுங்க."

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட கடைக்குள்ளேயே ஒன்ன மூலைல நிப்பாட்டிட்டாடா!" என்றார். நான் கண்ணை மூடினேன். அவள் சிரிக்கவில்லை. அடித்து முடித்துவிட்டு, பாஸ்போட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் கவுண்டரில் விரித்து வைத்துப் படம் பிடித்தாள். அந்தப் படங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டனவா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனாள். அதற்குப் பிறகு ஹாஜியார் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் "கண்ண மூடுடா" என்று கேலி செய்து கொஞ்ச நாள் போக்கினார்.

அவள் போய் நெடுநாள் கழித்துக் கடையில் ஒரு சம்பவம் நடந்தது. ஒருவன் போனில் அழைத்து, தான் நம் வாடிக்கையாளர் இன்னார், கத்தாரில் போன் களவு போய்விட்டது, கோட் வேண்டும் என்று அழுதான். என்னோடு கவுண்டரில் நின்ற ரிஸ்வி மனம் இளகி வாசித்துக் கொடுத்துவிட்டான். அழைத்தவன் கள்ளன். உண்மையான வாடிக்கையாளரின் பெயரில் அவர் சொந்தக்காரர் எல்லாரிடமும் காசு கேட்டு வாங்கிவிட்டான். அந்த மனிதர் கடைக்கு வந்து நின்ற கோலத்தை நான் மறக்க மாட்டேன். ஏசவில்லை. "ஒங்களத்தான் நம்பினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஹாஜியார் சட்டம் போட்டார்: இனிமேல் போனில் யாருக்கும் கோட் சொல்லக்கூடாது. அழுதாலும் சரி, ஆண்டவன் மேல் சத்தியம் செய்தாலும் சரி, ஆள் நேரில் வந்தால்தான் கோட்.

சரியான சட்டம். இன்றைக்கும் அதுதான் சரி. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், வெளியே வேன்களின் ஹோன் சத்தம் காதைக் கிழித்தது. என் போனுக்கு ஒரு வெளிநாட்டு அழைப்பு வந்தது. கடை விளம்பரப் பலகையிலும் இணையப் பக்கத்திலும் என் இலக்கம் இருந்ததால் அப்படி அழைப்புகள் வருவதுண்டு.

"நானா, நான் புஷ்பராணி கதைக்கிறன். ஹந்தானை. இப்ப ஒங்கட போனுக்கு ஒரு கோட் வரும், அதைச் சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ."

ஹந்தானைப் பிள்ளை "கதைக்கிறன்" என்று சொல்லுமா? "கெதியா" என்று சொல்லுமா? யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கத்து ஆட்கள் பேசுகிற பேச்சு அது. எனக்குப் பொறி தட்டியது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஹாஜியாருக்கு சைகை காட்டினேன்.

"நீங்க புஷ்பராணியா?"

"ஓம் நானா, ஓம். வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிட்டினம். அவையள் வாறதுக்குள்ள நான் இந்தப் போனைக் குடுத்திட்டுப் போக வேணும்."

மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னதன் சாரம் இதுதான். வேலை பார்க்கிற வீட்டில் அவளுடைய போனையும் பாஸ்போட்டையும் பறித்து வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை வேறெங்கோ தூர ஊரில் இன்னொரு வீட்டுக்கு அவளை அனுப்பப் போகிறார்கள். அங்கே போனால் யாருக்கும் தெரியாமல் போய்விடுவாள். அடுத்த வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் போனை வாங்கி நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறாள். பாஸ்போட் இலக்கமும் வீட்டு விலாசமும் அனுப்பினால் ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். அவளுக்கு இரண்டும் தெரியாது. இரண்டும் எங்கள் கவுண்டரில் வைத்து எடுத்த அந்தப் படங்களில் இருக்கின்றன. கணக்கைப் புதுப் போனில் திறக்க முயன்றால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் போதாது, கோட்டை அனுப்புகிறேன் என்கிறது. எங்கே அனுப்புகிறது? எங்கள் லாச்சிக்கு.

"டிங்."

ஹாஜியார் லாச்சியைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டார். "வைடா போன. இப்பிடித்தான் மத்தவனும் அழுதான்."

அங்கே ஜும்ஆ எங்களுக்குப் பிந்தித்தான். எங்களுக்கு முடிந்த நேரத்தில் அங்கே தொடங்குகிறது. குத்பாப் பிரசங்கம் ஓதி, இரண்டு ரக்அத் தொழுது, கை கொடுத்து விசாரித்துவிட்டு மனிதர்கள் வீடு திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது என் உடம்புக்கே தெரியும். பள்ளிவாசல் பக்கத்திலே இருந்தால் இன்னும் குறைவு. சின்ன வயதிலிருந்து எந்த ஜும்ஆவும் இவ்வளவு கட்டையாக எனக்குத் தோன்றியதில்லை.

தோட்டத்தில் இருக்கிற அவளுடைய அக்காவும் எங்கள் வாடிக்கையாளர்தான், அவளுக்கு இன்னொரு போனில் அடித்துப் பார்த்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று முதலில் சிங்களத்தில் சொன்னது, பிறகு தமிழில் சொன்னது, இங்கிலீஷில் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை.

"மகள்ட பேரு என்ன?" என்று புஷ்பராணியிடம் கேட்டேன்.

"தர்ஷி."

சரிதான். ஆனால் தர்ஷியின் பிறந்தநாள் கேக்கை, பெயர் தெரிய, சமூக வலைத்தளத்தில் உலகமே பார்த்திருக்கிறது. எந்த டிவிஷன், எந்த லயம், கணவர் பெயர், கும்பிடப் போகிற கோயில் எல்லாமே படத்தோடு ஏற்றப்பட்டிருக்கும். களவெடுக்க ஒன்றுமில்லை என்கிறோமே, ஓர் ஆளைப் போல் நடிக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையையும் நாமே வெளியில் போட்டு வைத்திருக்கிறோம். நான் எதைக் கேட்டாலும் கள்ளனும் அதற்குப் பதில் சொல்லுவான். ரிஸ்வி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனிடம் யோசனை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இவள் உண்மையான புஷ்பராணியாக இருந்து நான் கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? இவள் கள்ளியாக இருந்து நான் கொடுத்தால் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிற உண்மையான புஷ்பராணியின் கதி என்ன? இரண்டு பக்கமும் ஒரே பெண்தான் நின்றாள்.

"கணக்குத் தொறக்க வந்த அன்டு கடைல என்ன நடந்திச்சு?" என்று கேட்டேன்.

"கணக்குத் திறந்தனாங்கள். வேற என்ன?"

"வேற?"

ஹாஜியார் என் போனைப் பிடுங்கக் கையை நீட்டினார். அப்போது அவள் வெடித்தாள்.

"என்னா நானா நீங்க! இங்க உசுரு போய்க்கிட்டு இருக்கு, நீங்க ஒக்காந்து கத கேக்குறீங்க! அன்னைக்கும் இப்பிடித்தான். பாஸ்வேட் போடணும் அங்கிட்டு திரும்புங்கன்னா, அலுமாரி கண்ணாடியில பாத்துக்கிட்டு நின்னீங்க. கண்ண மூடுங்கன்னு நான் சொல்லல? அந்த ஹாஜியாரு வேற கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. நீங்க எல்லாம் மனுசங்களா!"

கோபம் வந்ததும் ஹந்தானைப் பேச்சு வந்துவிட்டது. அங்கே வவுனியாப் பெண்களோடு ஒரே அறையில் படுத்தெழும்பி அவர்களுடைய பேச்சு ஒட்டிக்கொண்டதாம், பிற்பாடு அவளுடைய அக்கா சொன்னாள். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. அலுமாரிக் கண்ணாடியும் ஹாஜியாரின் சிரிப்பும் மட்டும் தெரிந்தன. அந்த இரண்டையும் யாரும் எங்கேயும் ஏற்றவில்லை.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். சட்டம் போட்டவர் அவர். லாச்சியிலிருந்து கையை எடுத்தார்.

"அவ தான்டா" என்றார். "குடு."

போனை எடுத்து வாசித்தேன். அவள் அடித்தாள். பிழை என்றது. இவ்வளவு நேரமும் விசாரணை நடத்தியதில் கோட் காலாவதியாகிவிட்டது. "இன்னொருக்கா அனுப்பு மகள், இன்னொருக்கா அனுப்பு" என்று நான் கத்துகிறேன். அவள் அழுத்துகிறாள். பொத்தான் போன் செத்த பிணம் மாதிரி கிடக்கிறது. ஹாஜியார் அதைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார், சிக்னல் கோடு ஒன்று கூடட்டும் என்று. கவுண்டரில் ஒரு மாமி "என்ட போன் கவர் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேனோ தெரியாது.

"டிங்."

நான் என் போனை வாசல் பக்கம் நீட்ட, ஹாஜியார் நடைபாதையில் நின்றே வாசித்தார். தொழுகைத் தொப்பியோடு, ஹோன் சத்தத்துக்கு மேலாக, ஒவ்வோர் இலக்கமாக, குர்ஆன் ஓதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கண்டித் தெருவில் நின்று ஓர் ஆளுடைய கோட்டைச் சத்தம் போட்டு வாசித்த ஒரே முதலாளி அவராகத்தான் இருப்பார்.

"வந்துருச்சு" என்றாள். அழைப்பு அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. திருப்பி அடிக்க எனக்குத் துணிவில்லை. அவளிடம் இருந்தது இரவல் போன், யார் எடுப்பார்களோ. அந்த மாமிக்கு வேறு யாருடைய போனுக்கோ உரிய கவரைப் பூட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் தவழ்ந்து தேடினேன். கள்ளியாக இருந்தால்? அந்த நினைப்பு ஒரு பக்கம். படத்தை அனுப்புவதற்குள் வீட்டுக்காரர் வந்திருந்தால்? அது மறுபக்கம். ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரம் பொத்தான் போன் மறுபடியும் சத்தம் போட்டது. இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம். ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி வாசித்தார். அந்தக் கணக்கிலிருந்து எங்கள் இலக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று செய்தி.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உசுரக் கைல புடிச்சிக்கிட்டு நிக்கிற நேரத்திலயும் எங்கள வெட்டிட்டுத்தான்டா போறா!" என்றார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நேரடியாக அழுகைதான் வந்தது.

அன்று மாலையே அலுவலகத்து ஆட்கள் போய் அவளைக் கூட்டிப் போனார்கள் என்று அக்கா வந்து சொன்னபோதுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

அந்தக் கிழமையிலிருந்து ஹாஜியார் எங்களை ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கூப்பிடவைத்து, "எங்கட நம்பர எடுத்திட்டு ஒங்கட நம்பரப் போடுங்க" என்று சொல்லவைத்தார். முக்கால்வாசிப் பேர் கேட்கவில்லை. "ஒங்க நம்பரே கெடக்கட்டும் நானா, நம்மகிட்ட என்னா இருக்கு" என்றார்கள். சிலரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. அவர்களுடைய கோட் இன்றைக்கும் உங்கள் லாச்சிக்குள்தான் வந்து விழும். போனை எறிய வேண்டாம் என்றது அதற்குத்தான்.

போனில் கேட்டால் கோட் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்காதீர்கள். ரிஸ்வியின் வாடிக்கையாளர் நின்ற கோலம் என் கண்ணில் இருக்கிறது. ஆனால் எனக்கு இன்னும் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. அன்றைக்கு அவளை நான் எப்படி அடையாளம் கண்டேன்? அவள் என்னை நம்பவில்லை, அதனால் கண்டேன். "நீங்களே போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போன அத்தனை பேரில் வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அவரைக் கள்ளனிலிருந்து பிரித்தறிய என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. நான் போனை வைத்திருப்பேன். அதை நினைத்தால்தான் கதிரையில் உட்கார முடிவதில்லை. ஆகவே உங்கள் கவுண்டரில் யாராவது ஒருவர் முகம் கடுத்து, "அது எதுக்கு? இது எதுக்கு?" என்று குடைந்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் புஷ்பராணி மகளோடு கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். தர்ஷிக்கு ஒரு போன் வாங்கினாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கணக்குத் திறந்தேன். இலக்கம் கேட்கிற இடம் வந்ததும் போனை அவள் பக்கம் தள்ளினேன். தன்னுடைய இலக்கத்தை அடித்துவிட்டு, கடவுச்சொல்லைப் போடப் போனை மகளிடம் கொடுத்தாள். நான் யாரும் சொல்லாமலே சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அம்மா, இந்த மாமா ஏன் கண்ண மூடிக்கிட்டு அங்கிட்டு திரும்பி நிக்கிறாரு?"

"அது அவருக்குத் தெரியும்" என்றாள் புஷ்பராணி. "நீ அடி."